எஞ்சின் இல்லாத விமானத்துக்கு எண்கள் தேடியபோது: ஃப்ளைட்கியரில் ஏ.எஸ்.கே. 21

வீட்டுக் கணினியில் ஓடும் சிமுலேட்டருக்கு எஞ்சின் வைத்த விமானம் ஒன்றைச் செய்தால், கணக்கில் வரும் சிறு பிசகுகள் வெளியே தெரியாது. இழுவை விசை கொஞ்சம் கூடிப்போனால் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளினால் போதும். கிளைடரில் அந்தச் சலுகை கிடையாது. இழுவையில் பத்து சதவீதம் பிசகினால் சறுக்கு விகிதமும் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகும் என்ற எண்) கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பிசகும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 34 கிலோமீட்டர் போகவேண்டிய இடத்தில் 31 கிலோமீட்டரில் தரை தட்டும்.

நான் எடுத்துக்கொண்டது ஏ.எஸ்.கே. 21. ஜெர்மனியின் ரோன் மலைப்பகுதியில், வாசர்குப்பே மலையடிவாரத்துப் போப்பன்ஹௌசன் ஊரில் இருக்கும் அலெக்சாண்டர் ஷ்லைகர் நிறுவனத்தின் இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடர். வடிவமைத்தவர் ரூடால்ஃப் கைசர். 1979இல் முதன்முதலாகப் பறந்தது. இன்றும் உலகம் முழுக்கப் பயிற்சி மன்றங்களில் இதுதான் பெரும்பாலும் நிற்கிறது. அமெரிக்க விமானப்படை அகாடமியிலும் டி.ஜி.-9 என்ற பெயரில் இருந்தது. இதன் எண்கள் எளிதாகக் கிடைக்கும் என்பதே நான் இதைத் தேர்ந்ததற்கு முதல் காரணம். சிமுலேட்டர் ஃப்ளைட்கியர், பறக்கும் கணக்கைப் போடுவது ஜே.எஸ்.பி.சிம். இரண்டுமே இலவசம், திறமூலம். இரண்டுக்கும் எழுத வேண்டியது எக்ஸ்.எம்.எல். கோப்புகள்தான்.

ஃப்ளைட்கியரில் யாசிம் என்ற இன்னொரு வழியும் உண்டு. இறக்கையின் அளவையும் இடத்தையும் சொன்னால் மீதியை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். கிளைடருக்காகச் சறுக்குக் கோணத்தைத் தரவும் அதில் இடம் இருக்கிறது. அவசரத்துக்கு நல்ல வழி. ஆனால் எந்த எண்ணால் என்ன நடக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதனால் ஜே.எஸ்.பி.சிம்.

கையில் இருந்த எண்கள் இவ்வளவுதான்: இறக்கை நீளம் 17 மீட்டர், இறக்கைப் பரப்பு 17.95 சதுர மீட்டர், வெற்று எடை சுமார் 360 கிலோ, உச்ச எடை 600 கிலோ. சிறந்த சறுக்கு விகிதம் 34, அது 90 கி.மீ. வேகத்தில். குறைந்தபட்ச இறங்கு வேகம் நொடிக்கு 0.65 மீட்டர், அது 67 கி.மீ. வேகத்தில். இவற்றிலிருந்து இழுவையின் இரண்டு பகுதிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒன்று, உடம்பும் இறக்கைத் தோலும் காற்றில் உரசுவதால் வருவது. மற்றது, தூக்கு விசையை உண்டாக்குவதற்காக நாம் கொடுக்கும் விலை; தூண்டு இழுவை என்பார்கள். சிறந்த சறுக்கு வேகத்தில் இந்த இரண்டும் சமம். ஒரே ஒரு வேகத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டும் கிடைத்துவிடும் என்பதால் இந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கணக்கு இப்படி. ஒரு ஆள் ஏறிய எடை 470 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 90 கி.மீ. என்பது நொடிக்கு 25 மீட்டர். கடல்மட்டக் காற்றில் தூக்குக் கெழு (தூக்கு விசையை வேகம், பரப்பு, காற்றின் அடர்த்தி ஆகியவற்றைக் கழித்துச் சொல்லும் எண்) 0.67 வருகிறது. அதை 34ஆல் வகுத்தால் மொத்த இழுவைக் கெழு 0.0197. அதில் பாதி, 0.0099, நிலையான பகுதி. மறு பாதியிலிருந்து இறக்கையின் திறன் காரணி 0.90 என்று வந்தது. நல்ல கிளைடர் இறக்கைக்கு இது நம்பத்தகுந்த எண். இதே எண்களை வைத்துக் குறைந்தபட்ச இறங்கு வேகத்தைக் கணக்கிட்டால் 68 கி.மீ. வேகத்தில் 0.65 மீட்டர். வெளியிட்ட எண் 67இல் 0.65. எதையும் திருகாமலே இப்படிப் பொருந்தி வந்ததும் எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

இங்கே எடை முக்கியம். அதே 90 கி.மீ. வேகத்துக்கு 600 கிலோவைப் போட்டால் திறன் காரணி 1.15 வரும். தட்டையான சாதாரண இறக்கைக்கு இந்த எண் 1ஐத் தாண்டவே முடியாது. ஆக, 90 என்பது எடை குறைந்த நிலைக்குரிய வேகம். இரண்டு பேர் ஏறி 600 கிலோ ஆனால் சறுக்கு விகிதம் அதே 34தான், ஆனால் அது கிடைப்பது சுமார் 102 கி.மீ. வேகத்தில். எடை கூடினால் கிளைடர் குறைந்த தூரம் போகும் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டலாம். தூரம் அதேதான், வேகமாகப் போய், சீக்கிரம் இறங்கும்.

இந்த எளிய வளைவு வேகம் கூடக்கூடப் பொய் சொல்லும். லாமினார் வகை (காற்று கலையாமல் வழுக்கிப் போகும்படி வடிவமைத்த) இறக்கை வெட்டுமுகம், தாக்கு கோணம் (காற்றை இறக்கை சந்திக்கும் கோணம்) மிகக் குறைந்தால் தன் குறைந்த-இழுவை வரம்பைவிட்டு வெளியே போய்விடும். அதனால் நிலையான பகுதியை ஒரே எண்ணாக வைக்காமல், தூக்குக் கெழு 0.3க்குக் கீழே மெல்ல ஏறும் அட்டவணையாக மாற்றினேன். 150 கி.மீ.க்கு மேல் கிளைடர் செங்கல்லைப் போல இறங்க வேண்டும். அட்டவணை வந்த பிறகுதான் அப்படி இறங்கியது.

சோதனைக்கு ஃப்ளைட்கியரின் படங்கள் எதுவும் வேண்டாம். ஜே.எஸ்.பி.சிம்மைத் தனியாக ஓட்டி, நேராகப் பறக்கவிட்டு, உயரத்தையும் வேகத்தையும் கோப்பில் எழுதச் சொன்னால் போதும். ஒன்று கவனிக்கணும்: 1000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், வேகமானியில் அதே 90 காட்டினாலும் உண்மை வேகம் 5 சதவீதம் கூட. இறங்கு வேகமும் அதே 5 சதவீதம் கூடும். நொடிக்கு 0.735 எதிர்பார்த்த இடத்தில் 0.77 வந்தால் மாதிரியைக் குறை சொல்லக்கூடாது. சறுக்கு விகிதத்தில் மாற்றம் இராது.

எடைச் சமநிலையைச் சரிபார்க்க ஏ.எஸ்.கே. 21இல் அழகான வழி ஒன்று இருக்கிறது. அதற்கு மூக்குச் சக்கரம், நடுச் சக்கரம், வால் சக்கரம் என மூன்று உண்டு. ஆள் இல்லாதபோது வாலில் உட்கார்ந்திருக்கும். ஆள் ஏறியதும் மூக்கு கீழே வந்து மூக்குச் சக்கரத்தில் நிற்கும். கோப்பில் விமானிகளின் எடையைத் தனி எடைப் புள்ளிகளாக எழுதி, பூஜ்யம் வைத்தால் வால் இறங்கணும், 80 கிலோ வைத்தால் மூக்கு இறங்கணும். இது நடந்துவிட்டால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் எடை இல்லாமல் இந்தக் கிளைடர் சுழல்வீழ்ச்சிக்குள் போக அடம்பிடிக்கும் என்பதும் ஊரறிந்தது. அந்தப் பயிற்சிக்காகவே வாலில் மாட்டும் எடைகளை நிறுவனம் தனியாகத் தருகிறது. அதனால் ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்கு விசையை இழக்கும் நிலை) பகுதியில் நான் அதிகம் மெனக்கெடவில்லை. மூக்கு மேலே இருக்க, லேசாக நடுங்கிக்கொண்டு இறங்கினால் போதும்.

உருளும் குணம்தான் அடுத்தது. 17 மீட்டர் இறக்கையைச் சாய்க்க நேரம் பிடிக்கும். ஏலரானை (இறக்கை நுனியருகே உள்ள, சாய்க்கும் மடல்) திருப்பியதும் மூக்கு முதலில் எதிர்ப்பக்கம் ஓடும். ரடரை (வாலில் உள்ள திருப்புப் பலகை) சேர்த்து மிதிக்காவிட்டால் திரும்புவதற்குப் பதில் பக்கவாட்டில் வழுக்கும். ஏலரான் கோணத்துக்கு ஏற்ப எதிர்த்திசைத் திருப்பு விசையைச் சேர்த்து, அதைத் தூக்குக் கெழுவால் பெருக்கினேன். வேகம் குறையக் குறைய அது கூடவேண்டும், நிஜத்தில் அப்படித்தான். இதைக் கண்ணால் பார்க்கக் கண்ணாடிக்கூண்டின் மேல் ஒட்டிய கம்பளி நூல் வேண்டும். உலகத்திலேயே மலிவான விமானக் கருவி அதுதான். சிமுலேட்டரில் அது ஒரு மெல்லிய நீள்சதுரம். வழுக்குக் கோணத்தோடு சுழற்றிவிட்டால் வேலை முடிந்தது. நூலின் வால் இடது பக்கம் ஒதுங்கினால் வலது காலை மிதிக்கணும். பெடல் இல்லாமல் ஜாய்ஸ்டிக்கை முறுக்கி ரடர் பிடிப்பவர்களுக்கு இது கொஞ்சம் சித்திரவதை.

ஏவுவதற்கு வின்ச், அதாவது தரையில் நின்று கயிற்றைச் சுருட்டிக் கிளைடரை மேலே இழுக்கும் இயந்திரம். நிஜக் கயிற்றைப் போல நீளும் ஸ்பிரிங்காகக் கயிற்றை எழுத எல்லோருக்கும் ஆசை வரும். நொடிக்கு 120 முறை ஓடும் கணக்கில் அவ்வளவு விறைப்பான ஸ்பிரிங் நிலைகுலைந்து, கிளைடரை வானத்தின் அடுத்த மூலைக்கு எறிந்துவிடும். அதற்குப் பதிலாக இழுவிசையை நேரடியாகத் தந்தேன். வின்ச் ஓட்டுநர் செய்வது போலச் சில நொடிகளில் மெல்ல ஏற்றி, வேகம் 150 கி.மீ.யை நெருங்கும்போது குறைத்துக்கொள்ளும் ஒரு சிறு கட்டுப்பாட்டு நிரல். 150தான் இந்தக் கிளைடருக்கு வின்ச்சில் அனுமதித்த உச்ச வேகம். விசையின் திசை மட்டும் ஒவ்வொரு கணமும் வின்ச் இருக்கும் இடத்தை நோக்கி மாறும். கயிற்றில் பலவீன இணைப்பு ஒன்றும் வைக்க வேண்டும். டோஸ்ட் நிறுவனத்தின் இணைப்புகளுக்கு நிறத்தில் அடையாளம்: கறுப்பு 1000 டெக்காநியூட்டன் (ஏறக்குறைய அத்தனை கிலோ எடை), பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600. விசை அதைத் தாண்டினால் கயிறு அறுந்ததாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். 100 மீட்டர் உயரத்தில் ஸ்டிக்கை முரட்டுத்தனமாக இழுத்தால் அறுகிறது. உடனே மூக்கைத் தள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிகிறது.

அப்புறம் வேரியோமீட்டர். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்லும் கருவி. கிளைடர்காரர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைக் காதால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சாதாரண விமானத்தின் ஏற்றமானியை அப்படியே வைத்தால் பயனில்லை. 150 கி.மீ. வேகத்திலிருந்து ஸ்டிக்கை இழுத்து 90க்கு வந்தால், வேகத்தை விற்று சுமார் 57 மீட்டர் உயரம் வாங்கிவிடலாம். சாதாரணக் கருவி அதைப் பெரிய தெர்மல் (சூடாகி மேலெழும் காற்று) என்று கூவும். அதனால் உயரத்தோடு இயக்க ஆற்றலையும் உயரமாக மாற்றிக் கூட்ட வேண்டும்: வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்து வருவதை உயரத்துடன் சேர்த்து, அந்த மொத்தம் மாறும் வேகத்தைக் காட்டினால் அதுதான் மொத்த ஆற்றல் வேரியோ. நிஜக் கிளைடரில் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழாய் இந்த வேலையை அழுத்தத்தைக் கொண்டே செய்துவிடும்.

இதை எந்த இடத்தில் கணக்கிடுவது என்பது பெரிய விஷயம். ஃப்ளைட்கியரின் சொந்த நிரல் மொழியான நாசல் ஸ்கிரிப்டில் எழுதினால் அது படம் வரையும் வேகத்தோடு ஓடும். மலைக்காடு திரையில் வந்து ஃப்ரேம் குறைந்தவுடன் முள் துள்ளும், ஒலி திக்கும். ஜே.எஸ்.பி.சிம்முக்குள்ளேயே வைத்தால் சீரான இடைவெளியில் ஓடும். அதன் பிறகு சுமார் ஒன்றரை நொடி தாமத வடிகட்டி ஒன்று. வடிகட்டி இல்லாமல் கேட்க முடியாது, மூன்று நொடிக்கு மேல் வைத்தால் தெர்மலின் நடுவைக் கடந்த பிறகுதான் ஒலி ஏறும். ஏறும்போது விட்டுவிட்டு ஒலிக்கும் பீப், இறங்கும்போது தொடர்ந்த முனகல். இந்த மரபை மாற்றி எழுத வேண்டாம். பறந்து பழகியவர்கள் காது அதற்கே பழகியிருக்கும்.

தெர்மலுக்கு ஃப்ளைட்கியரிலேயே வசதி உண்டு. இடம், விட்டம், உயரம், வலிமை ஆகியவற்றைத் தந்தால் ஒரு எழுச்சியை நட்டுவைக்கலாம். மேம்பட்ட வானிலை அமைப்பில் மேகங்களோடு சேர்ந்தும் வரும். நான் சொந்தமாக ஒன்று எழுதிக்கொண்டேன். நாசாவைச் சேர்ந்த மைக்கேல் ஆலன், தானாகப் பறக்கும் ஆளில்லா கிளைடர்களுக்காக 2006இல் வெளியிட்ட எழுச்சி மாதிரி அதற்கு அடிப்படை. வெப்பக் கலவை அடுக்கின் (தெர்மல்கள் கலக்கும் காற்றடுக்கின்) உயரத்தைத் தந்தால், அந்தந்த உயரத்தில் தெர்மலின் ஆரமும் சராசரி வலிமையும் சூத்திரத்தில் வந்துவிடும். அடுக்கு 1500 மீட்டர் என்றால், 600 மீட்டர் உயரத்தில் ஆரம் சுமார் 100 மீட்டர். சராசரி வலிமை அடுக்கின் கால்வாசி உயரத்தில் உச்சம் தொட்டு, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போனால் ஒன்றுமில்லாமல் போகும். மேகத்தின் அடியை எட்டுவதற்கு முன்பே ஏற்றம் சோர்ந்துபோவது இதில் தானாக வந்துவிடுகிறது.

அந்த 100 மீட்டர் ஆரத்தைக் கிளைடரின் எண்களோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் விளையாட்டே சூடு பிடித்தது. 30 டிகிரி சாய்வில் 78 கி.மீ. வேகத்தில் சுற்றினால் வட்டத்தின் ஆரம் 83 மீட்டர், இறங்கு வேகம் நொடிக்கு 0.8. 45 டிகிரியில் 85 கி.மீ. என்றால் ஆரம் 57 மீட்டர், இறங்கு வேகம் 1.1. நடுவில் நொடிக்கு 3 மீட்டர் ஏறி, விளிம்பை நோக்கி வர்க்கத்தில் குறையும் தெர்மல் என்று எடுத்துக்கொண்டால், முதல் வட்டத்தில் கையில் நிற்பது வெறும் 0.1 மீட்டர் ஏற்றம், இரண்டாவதில் 0.9. அதிகம் சாய்ந்தால் அதிகம் இறங்கும் என்று பயந்து அகலமாகச் சுற்றுபவருக்கு ஏற்றமே கிடைக்காது. பயிற்றுநர்கள் இன்னும் சாய், இன்னும் சாய் என்று கத்துவது சும்மா இல்லை.

இவ்வளவு செய்தும் ஒன்று குறைந்தது. தெர்மலுக்குள் நுழையும்போது கிளைடர் லிஃப்டில் ஏறியதைப் போல மொத்தமாக மேலே போனது. எந்தப் பக்கம் திரும்பணும் என்று சொல்லவே இல்லை. காரணம், சிமுலேட்டர் காற்றை ஒரே புள்ளியில்தான் அளக்கிறது. நிஜத்தில் தெர்மல் வலப்பக்கம் இருந்தால் வலது இறக்கை முதலில் தூக்கப்படும். கிளைடர் இடப்பக்கம் தள்ளப்படும். தூக்கிய இறக்கையின் பக்கம் திரும்பு என்பதுதான் கிளைடர் பாடத்தின் பாலபாடம்.

இதற்கு இறக்கையைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்குப் போடத் தேவையில்லை. இறக்கை நுனிகள் இரண்டிலும் எழுச்சியை அளந்து, வித்தியாசத்தை 17 மீட்டரால் வகுத்தால் வருவது நொடிக்கு இத்தனை ரேடியன் என்ற அலகு, அதாவது உருளும் வேகத்தின் அலகு. காற்றின் பார்வையில் இரண்டும் ஒன்றே: கிளைடர் நிலையாக இருந்து வலப்பக்கக் காற்று ஏறுவதும், காற்று நிலையாக இருந்து கிளைடர் வலப்பக்கம் உருள்வதும் இறக்கைக்கு ஒரே அனுபவம். ஆக, உருளலைத் தடுக்கும் விசைக்கான சூத்திரத்தில் உருளும் வேகத்தோடு இந்த எண்ணையும் கூட்டிவிட்டால் தீர்ந்தது, குறி உட்பட. மேலே சொன்ன தெர்மலில் 57 மீட்டர் ஆரத்தில் இது நொடிக்கு 2 டிகிரி உருளலுக்குச் சமம். சின்ன எண்தான், ஆனால் கை உடனே உணரும். அதற்குப் பிறகு வேரியோவின் ஒலியை அணைத்துவிட்டும் தெர்மலைத் தேட முடிகிறது. முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த ஒரு வரி இதுதான். இதைச் செய்யாமல் பளபளக்கும் காக்பிட் படத்துக்கு வாரக்கணக்கில் உழைப்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

மலைச்சரிவு எழுச்சிக்கு வாசர்குப்பேயைவிடப் பொருத்தமான இடம் ஏது? 950 மீட்டர் உயர மொட்டை மலை. 1920இல் முதல் ரோன் கிளைடர் கூடுகை அங்கே நடந்தது; 1922 ஆகஸ்டில் ஆர்தர் மார்ட்டன்ஸ் 'வாம்பயர்' கிளைடரில் அந்தச் சரிவின் காற்றிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதந்தார், சில நாட்களுக்குள் அதே கிளைடரில் ஹென்ட்சன் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். ஃப்ளைட்கியர் காற்று வரும் திசையில் சில புள்ளிகளில் நிலத்தின் உயரத்தை அளந்து, சரிவைக் கொண்டு எழுச்சியைக் கணக்கிடுகிறது. மேற்குக் காற்றை 20 நாட் வைத்தால் மேற்குச் சரிவில் ஏ.எஸ்.கே. 21 தாராளமாக நிற்கிறது. நிலப்பரப்பு பெரிய முக்கோணங்களால் ஆனது என்பதால், ஒரு முக்கோணத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எழுச்சி திடீரென்று குதிக்கும். அங்கேயும் இரண்டு நொடி வடிகட்டி போட்டுச் சமாளித்தேன். மலைக்குப் பின்பக்கத்து இறக்கமும் கொந்தளிப்பும் இதில் நிஜம் அளவுக்கு இல்லை.

கைப்பேசியில் எக்ஸ்.சி.சோர் வைத்திருப்பவர்கள் அதையும் இணைத்துக்கொள்ளலாம். அது நிஜக் கிளைடர்காரர்கள் பயன்படுத்தும் இலவச வழிகாட்டி நிரல். ஃப்ளைட்கியர் ஜி.பி.எஸ். வாக்கியங்களை என்.எம்.இ.ஏ. வடிவில் வைஃபை வழியாக அனுப்பும், எக்ஸ்.சி.சோர் யூ.டி.பி. 4353 வாசலில் (போர்ட்) கேட்கும். அதில் இடமும் உயரமும் போகும், வேரியோ போகாது. வேரியோவுக்கு ஓப்பன்வேரியோ திட்டத்தின் வாக்கிய வடிவத்தைப் பின்பற்றினேன்: மொத்த ஆற்றல் ஏற்றம், நிலை அழுத்தம், இயக்க அழுத்தம் மூன்றும் ஒரே வரியில் போய்விடும். வரியின் கடைசியில் சரிபார்ப்பு எண் வேண்டும். அதற்காக நடுவில் ஒரு சின்ன பைத்தான் நிரல் உட்கார்ந்து எழுத்துகளை எக்ஸ்.ஓ.ஆர். செய்து ஒட்டுகிறது. இருபது வரிகூட வராது.

முப்பரிமாண உருவத்தைப் பிளெண்டரில் செய்து ஏ.சி. வடிவில் ஏற்றுமதி செய்தேன். வெள்ளை ஜெல்கோட் கிளைடருக்குப் பெரிய ஓவியத் திறமை தேவையில்லை. இறக்கையின் முன் விளிம்பு கூராகத் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விமானத்தால் இழுத்துச் செல்லும் ஏவுதல் மட்டும் அரைகுறையாக நிற்கிறது. இழுக்கும் ஏ.ஐ. விமானம் (சிமுலேட்டரே ஓட்டுவது) எழுதிவைத்த பாதையில் போகிறது, கயிற்றின் பாரம் அதற்குத் தெரிவதில்லை. நிஜத்தில் கிளைடர் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால் முன்னால் போகும் விமானத்தின் வாலைத் தூக்கி, அதன் மூக்கைத் தரையை நோக்கித் திருப்பிவிடும். கீழே உயரம் இல்லாவிட்டால் அது உயிரைக் குடிக்கும் விபத்து. இப்போதைக்கு, கிளைடர் குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் ஏறினாலோ பக்கவாட்டில் ஒதுங்கினாலோ கயிறு தானாகக் கழன்றுவிடும்படி வைத்திருக்கிறேன். வேகம் 180 கி.மீ.யைத் தாண்டினாலும் அப்படியே.